உட்காருங்க சாமி!

போன சித்திரையில் ஒரு நாள் இரவு, பல்லாயிரம் பேர் எழுந்து நின்று குதித்துக்கொண்டிருந்த ஓர் இடத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தேசிய கீதம் பாடும்போது உட்கார்ந்திருந்தால் குற்றமாகப் பார்ப்பார்கள். இது அந்தக் குற்றம் அல்ல. ஆனால் என் மகள் என்னைப் பார்த்த பார்வையில், அதைவிடப் பெரிய குற்றத்தைச் செய்துவிட்டவன் போல ஆகிவிட்டேன்.

கிரிக்கெட் பந்தயம். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஸ்டேடியத்தின் மேல் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. பெரிய நகரம், பெரிய ஸ்டேடியம், இரவைப் பகலாக்கும் விளக்குகள். மகளுக்குப் பதினான்கு வயது. பரீட்சை முடிந்தால் அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கிடைத்த டிக்கெட் மேல் அடுக்கில். ஏறி உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியதே தவிர, இடம் பிரமாதமாக இருந்தது. முன்னால் ஒரு தூண் கிடையாது. மைதானம் முழுவதும் பச்சைத் தாம்பாளம் போல் காலடியில் கிடந்தது.

ஒரு விக்கெட் விழுந்தது. உடனே ஒலிபெருக்கியில் ஒரு சினிமாப் பாட்டின் நடுவிலிருந்து நாலு வரி கிளம்பியது. அடுக்கு முழுவதும் எழுந்தது. எழுந்து நின்று, பாட்டின் தாளத்துக்குக் குதிக்க ஆரம்பித்தது. என் காலடியில் தரைமேல் ஒரு காகிதக் குவளையில் பாதி குடித்த குளிர்பானம் இருந்தது. அதில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. பிறகு என் பாதத்தில் தெரிந்தது. பிறகு முதுகெலும்பில் தெரிந்தது. சிமெண்டுத் தரை மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது.

மரம் ஆடினால் மனசு ஒப்புக்கொள்கிறது. ரயில் ஆடினால் தூக்கம்கூட வருகிறது. சிமெண்டு ஆடலாமோ? ஆடாது என்ற நம்பிக்கையில்தானே அதன்மேல் ஏறி உட்காருகிறோம்? எனக்கு வயிறு கலங்கியது. எழுந்தவன் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரிங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மகள், ஒரு கையை உயர்த்திக் குதித்தவாறே.

"ஆடுதும்மா."

"ஆடினா ஆடட்டுமே. ஜாலியாத்தானே இருக்கு?" என்றவள் சட்டென்று குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "பயமாப்பா?"

"சே, முழங்கால் வலி" என்றேன்.

பொய். கதை எழுதுகிறவன் சொல்லும் பொய் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்க வேண்டும். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. பாட்டு நின்றது. ஆட்டமும் நின்றது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். சிமெண்டு மறுபடியும் சிமெண்டு ஆயிற்று.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் அந்த ஆட்டம் அல்ல, "பயமாப்பா?" என்ற அந்த ஒற்றைச் சொல்தான். சுமார் முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன்பு அதே சொல்லை, அதே போல் குனிந்து, நான் என் தகப்பனாரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு வித்தியாசம்: என் மகள் மெதுவாகக் கேட்டாள். நான் பத்துப் பேர் காதில் விழும்படி கேட்டேன்.

எங்கள் ஊர் காவிரிப் பாசனத்தில் ஒரு சின்ன ஊர். அந்த வருஷம் கோடையில் மூன்று இரவுகள் மின்னொளிக் கபடிப் பந்தயம் வைத்தார்கள். வெளியூர்க் குழுக்கள் வந்திருந்தன. ஆடுகளத்தைச் சுற்றி மூன்று பக்கம் கேலரி. சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே கம்பு வைத்துக் கயிற்றால் இறுக்கி, அதன்மேல் பலகை பரப்பிய கேலரி. சர்க்கஸுக்கும் அதுதான், அரசியல் மாநாட்டுக்கும் அதுதான். அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. மூன்றாவது நாள், இறுதி ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்காக மேல் பலகைவரை ஏறினார். வேட்டியை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஏறினார்.

ஆட்டம் சூடு பிடித்தது. பாடிப் போகிறவன் கோட்டைத் தாண்டியதும் கூட்டம் பலகையில் காலால் உதைக்கும். 'திம், திம், திம்' என்று ஒரே தாளம். முதலில் அவரவர் இஷ்டத்துக்குத்தான் உதைத்தார்கள். போகப் போக நூறு கால்களும் ஒரு கால் ஆயின. அப்போது கேலரி ஆட ஆரம்பித்தது. முன்னும் பின்னுமாக, ஊஞ்சல் போல. அதில் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது! ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். கேலரி முன்னால் போகும்போது உதைத்தால் இன்னும் முன்னால் போகிறது என்று கண்டுபிடித்தோம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேலரியே எங்களுக்குத் தாளம் போட்டுக் கொடுத்தது.

கீழே பந்தல்காரர் ஓடிவந்தார். ஒல்லியான கிழவர், தலையில் துண்டு. கம்புகளுக்கிடையே நின்றுகொண்டு, அண்ணாந்து பார்த்து, இரு கைகளையும் கூப்பி, "உட்காருங்க சாமி! உட்காருங்க சாமி!" என்று கத்தினார். யார் காதிலும் விழவில்லை. விழுந்தவர்களும் சிரித்தார்கள். எங்கள் வரிசையில் உட்கார்ந்தவர் ஒரே ஒருவர்தான். என் அப்பா. உட்கார்ந்ததோடு நிற்காமல் என் சட்டையைப் பிடித்து இழுத்து என்னையும் உட்கார வைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் குனிந்து கேட்டேன்: "பயமாப்பா உங்களுக்கு?"

பின்னால் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டு எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஏதோ ஒரு குறுக்குக் கம்பு முறிந்தது. கேலரி கிழக்குப் பக்கமாக ஒரு முழம் சரிந்து, என்ன நினைத்ததோ, அப்படியே நின்றுவிட்டது. ஒரே கூச்சல். எங்கள் வரிசைப் பையன் ஒருவன் மேலிருந்து குதித்துக் கையை முறித்துக்கொண்டான். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. அப்பா என்னைப் பிடித்த பிடியை விடாமல், எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்து, கடைசியாக இறங்கினார். பந்தல்காரர் புதுக் கம்பு வைத்துக் கட்டி, ஒரு மணி நேரம் கழித்து ஆட்டம் மறுபடி நடந்தது. அப்பா என்னை மறுபடி ஏறவிடவில்லை. இறுதி ஆட்டத்தில் நான் கண்டதெல்லாம் மற்றவர்களின் முதுகுதான். மறுநாளிலிருந்து தெருப் பையன்கள் எனக்கு 'உட்கார்ந்தார் மகன்' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நாள் நான் அப்பாவுடன் பேசவில்லை.

இந்த இரண்டு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. அப்பா செய்தது கோழைத்தனமா, விவேகமா? நான் செய்தது எது? இதைத் தெரிந்துகொள்ளக் கட்டட என்ஜினீயராக இருக்கும் என் பால்ய நண்பன் ஒருவனிடம் போனேன். நான் கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்தவன். அங்கே பௌதிகப் பாடத்தில் 'ஒத்ததிர்வு' என்று ஒரு சொல்லைப் படித்து, பரீட்சையில் எழுதி, மறந்தும் போனேன். நண்பன் அதைத்தான் மறுபடி எடுத்தான். ஆனால் இந்த முறை ஊஞ்சலை வைத்துச் சொன்னான், புரிந்தது.

ஊஞ்சலுக்கு அதற்கென்று ஒரு வேகம் உண்டு. நீங்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அந்த வேகத்துக்கு மாறாகத் தள்ளினால் அது முரண்டு பிடிக்கும். அது வரும் நேரம் பார்த்து ஒரு குழந்தை விரலால் தள்ளினாலும் போதும். தள்ளத் தள்ள உயரும். உலகத்தில் உள்ள எல்லாக் கட்டடங்களும் இப்படிப்பட்ட ஊஞ்சல்கள்தாம். வினாடிக்கு இத்தனை முறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மனிதன் குதிப்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வினாடிக்கு ஒன்றரை முறைக்குக் கீழே குதிப்பது கஷ்டம். மூன்றுக்கு மேலே போவதும் கஷ்டம். இரண்டு முறை என்பது சௌகரியமான நடு. நிமிஷத்துக்கு நூற்றிருபது தட்டு உள்ள பாட்டைப் போட்டால், அது எல்லோரையும் அந்த இரண்டில் கொண்டுபோய் நிறுத்தும். ஒவ்வொரு குதியிலும் ஒருவன் தன் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு கனத்தோடு தரையை அடிக்கிறான். பத்தாயிரம் பேர் தனித்தனியாகக் குதித்தால் ஒருவன் அடியை இன்னொருவன் அடி தின்றுவிடும். ஒரே தாளத்தில் குதித்தால் அவ்வளவும் கூடும்.

"அப்படியானால் வினாடிக்கு மூன்றுக்கு மேல் ஆடுகிற மாதிரி விறைப்பாகக் கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்ததே?" என்று கேட்டேன்.

"தீராது. ஊஞ்சலை ஒவ்வொரு தடவையும்தான் தள்ள வேண்டுமா? ஒன்று விட்டு ஒன்று தள்ளினாலும் ஆடுமே" என்றான்.

அதாவது, வினாடிக்கு நாலு முறை ஆடும் மேடையை இரண்டு முறை குதிக்கும் கூட்டம் ஆட்டிவிடும். ஆகையால்தான் 2008-ல் லண்டனில் உள்ள கட்டமைப்புப் பொறியாளர் கழகம் ஸ்டேடியங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டியில், பந்தயம் மட்டும் நடக்கும் மேடைக்கு வினாடிக்கு 3.5 என்றும், பாட்டுக் கச்சேரியும் நடக்கும் மேடைக்கு 6 என்றும் ஒரு வரம்பு வைத்தார்கள். அதற்குக் கீழே போனால் மேடை எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

எனக்கு இதில் ஒரு வேடிக்கை தோன்றியது. அந்தக் காலத்து ஸ்டேடியங்களில் மேல் அடுக்கையும் கூரையையும் தாங்க வரிசையாகத் தூண்கள் நிற்கும். டிக்கெட் வாங்கியவன் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பந்து போடுகிறவனைப் பார்த்தால் அடிக்கிறவனைப் பார்க்க முடியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டிருப்பான். தூணே வேண்டாம் என்றோம். என்ஜினீயர்கள் தூணை எடுத்துவிட்டு, அடுக்கைப் பின்புறம் மட்டும் பிடித்து, முன்புறம் அந்தரத்தில் நீட்டிவிட்டார்கள். கண்ணுக்கு சௌகரியம் வந்தது. நீட்டிய கை எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆடும். கண்ணுக்குக் கொடுத்த சௌகரியத்தைக் காலடியில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பச்சைத் தாம்பாளத்தைப் பார்த்து நான் பூரித்துப் போனேன் அல்லவா? அதற்கு வட்டிதான் அந்தக் குவளையில் எழுந்த அலை.

"ஆடினால் விழுந்துவிடுமா?" என்று நேரடியாகவே கேட்டேன்.

"நீ இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறாய். விழுவது வேறு, பயம் வருவது வேறு. பயம் ரொம்ப முன்னாலேயே வந்துவிடும்" என்றான்.

அவன் போட்ட கணக்கு இது. மேடை வினாடிக்கு இரண்டு முறை, நடுவிலிருந்து மூன்று மில்லிமீட்டர் மேலும் மூன்று மில்லிமீட்டர் கீழும் போய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மில்லிமீட்டர் என்றால் இரண்டு ஒற்றை ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம். அவ்வளவுதான். ஆனால் உடம்புக்கு அது புவியீர்ப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குத் தூக்கித் தூக்கிப் போடுவதாகத் தெரியும். அமைதியாக உட்கார்ந்திருப்பவன் பொறுத்துக்கொள்ளும் எல்லை ஏறக்குறைய அதுதான் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கு மேலே போகப் போகத் தொந்தரவு. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கூட்டம் கலவரப்பட்டு ஓடக்கூடும். சிமெண்டும் இரும்பும் தாங்கிக்கொண்டிருக்கும்போதே மனிதன் தாங்காமல் போய்விடலாம். ஓடுகிற கூட்டம் படிக்கட்டில் ஒன்றையொன்று மிதித்தால், கட்டடம் விழாமலேயே விழுந்த பலன் வந்துவிடும்.

இன்னொன்றும் சொன்னான். குதிக்கிறவனுக்கு இந்த ஆட்டம் அவ்வளவாகத் தெரிவதில்லை. அவன் பாதி நேரம் ஆகாயத்தில் அல்லவா இருக்கிறான்? உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அத்தனையும் தெரிகிறது. பத்து வயதில் எனக்குத் தெரியாததும், அப்பாவுக்குத் தெரிந்ததும், இப்போது என் மகளுக்குத் தெரியாததும், எனக்குத் தெரிவதும் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டன.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் என் மனசைவிட்டுப் போகாதவை சில.

1831-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே பிராட்டன் என்ற இடத்தில் ஒரு தொங்குபாலம். எழுபத்து நாலு சிப்பாய்கள் அதன்மேல் நடந்து போனார்கள். நடைக்கு ஏற்பப் பாலம் ஆடியது. அது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. சீழ்க்கையடித்துக்கொண்டு, இன்னும் அழுத்திக் காலைப் போட்டார்கள். பாலத்தின் ஒரு பக்கம் இற்று, நாற்பது பேர்போல ஆற்றில் விழுந்தார்கள். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதற்குப் பிறகுதான் பாலத்தின்மேல் போகும்போது சிப்பாய்கள் நடை கலைத்துப் போக வேண்டும் என்று அந்த நாட்டுப் பட்டாளத்தில் உத்தரவு பிறந்தது. 1831-ல் அந்தச் சிப்பாய்களுக்குப் பாலம் கற்றுக்கொடுத்த விளையாட்டைத்தான் சவுக்குக் கம்பு எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது!

ஸ்வீடன் தேசத்தில் கோதன்பர்க் நகரில் உல்லேவி என்று ஒரு ஸ்டேடியம். 1958 உலகக் கால்பந்துப் போட்டிக்காகக் கட்டியது. 1985 ஜூன் மாதம் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அங்கே இரண்டு இரவுகள் பாடினார். மைதானத்தின் நடுவிலும் ஜனங்கள் நின்றார்கள். அங்கே பூமிக்கு அடியில் ஆழமான களிமண். ஜனங்கள் ஒரே தாளத்தில் குதிக்கக் குதிக்க, அந்தக் களிமண் தட்டில் வைத்த கூழ் மாதிரி ஆட ஆரம்பித்தது. களிமண்ணில் இறக்கியிருந்த அஸ்திவாரக் கம்பங்கள் அதோடு ஆடின. அவற்றின்மேல் நின்ற ஸ்டேடியமும் ஆடியது. யாரும் சாகவில்லை. ஆனால் சேதத்தைச் சரிசெய்து அஸ்திவாரத்தைப் பலப்படுத்த ஏராளமாகச் செலவாயிற்று. ஸ்டேடியத்தின்மேல் ஏறாமல், பக்கத்து மண்ணில் குதித்தே ஸ்டேடியத்தை ஆட்டிவிட்டார்கள் என்பதை நினைத்து நினைத்து ஆச்சரியப்படுகிறேன்.

எல்லாம் இப்படித் தப்பித்த கதைகளாக இல்லை. பிரான்சைச் சேர்ந்த கார்சிகா தீவில் பாஸ்தியா நகரத்துக் குழுவின் கால்பந்து மைதானத்தில், 1992 மே 5-ம் தேதி, ஒரு பெரிய பந்தயத்துக்காக அவசரம் அவசரமாக ஒரு தாற்காலிக மேடை எழுப்பினார்கள். பத்தாயிரம் பேர் உட்காரக்கூடிய இரும்புக் குழாய் மேடை. தரையில் காலால் உதைக்க வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டார்கள். பந்தயம் தொடங்குவதற்கு முன்பே மேடையின் மேல் பகுதி பின்பக்கமாகச் சரிந்தது. பத்தொன்பது உயிர்கள், இரண்டாயிரத்துக்கும் மேல் காயம். காரணம் கால் உதை மட்டும் அல்ல, கட்டியதே கோளாறு. ஆனால் அந்த ஒலிபெருக்கிக் குரலைப் பற்றிப் படித்தபோது, தலையில் துண்டு கட்டிய ஒரு கிழவர் கை கூப்பி நிற்பது என் கண்முன் வந்தது. அவர் கட்டிய கேலரி ஒரு முழத்தில் நின்றது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. நின்றது.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் மகள் என்னை மன்னிக்க மாட்டாள். அர்ஜென்டினாவில் பியூனஸ் அயர்ஸ் நகரத்தில் போக்கா ஜூனியர்ஸ் குழுவின் ஸ்டேடியம் 1940-ல் திறந்தது. செங்குத்தான அடுக்குகள். கூட்டம் குதிக்கும்போது அது ஆடும் என்பது உலகப் பிரசித்தம். அந்தக் குழுவின் ரசிகர்களைக் கேட்டால், அது நடுங்குவது இல்லை, இதயம் மாதிரி துடிக்கிறது என்பார்கள். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 2011 ஜனவரி 8-ம் தேதி, மார்ஷான் லிஞ்ச் என்ற வீரர் பந்தைத் தூக்கிக்கொண்டு அறுபத்தேழு கெஜ தூரம் ஓடியபோது, கூட்டம் குதித்த குதியைப் பக்கத்தில் இருந்த பூகம்பமானி பதிவு செய்தது. பூமிக்கே சேதி சொன்ன சந்தோஷம்! அதைத் தப்பென்று யாரால் சொல்ல முடியும்? கூட்டமாகச் சேர்ந்து ஒரே தாளத்தில் அசைவதில் ஒரு பேரானந்தம் இருக்கிறது. பஜனையில் இருக்கிறது, தேர் வடம் பிடிப்பதில் இருக்கிறது. அந்த ஆனந்தத்தை வாங்கத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். வெறும் ஆட்டத்தை வீட்டிலேயே பார்க்கலாம்.

இவ்வளவும் படித்த பிறகு கடைசியாக ஒன்று படித்தேன். அதைப் படித்ததும்தான் எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்தேன்.

மேடையில் ஜனங்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? மூட்டை வைத்த மாதிரி, கனம் கூடும், அவ்வளவுதான் என்று என்ஜினீயர்கள் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1990-களில் லண்டனில் டிவிக்கன்ஹாம் ரக்பி ஸ்டேடியத்தில் ஒரு மேடையை, காலியாக இருக்கும்போதும் ஜனங்கள் நிறைந்திருக்கும்போதும் அளந்து பார்த்தார்கள். காலியாக இருந்தபோது மேடைக்கு ஒரு அதிர்வெண். மூட்டைக் கணக்குப்படி, ஜனங்கள் வந்ததும் அது சற்றுக் குறைய வேண்டும். குறையவில்லை, ஒன்று இரண்டாகப் பிரிந்தது. ஏனென்றால் மனிதன் மூட்டை அல்ல. அவன் உடம்புக்குள்ளேயே எலும்பும் தசையும் குடலுமாக ஒரு வில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது. கீழேயிருந்து வரும் அதிர்ச்சியை அது வாங்கி விழுங்கிவிடுகிறது. உட்கார்ந்திருக்கும் கூட்டம் மேடையின் ஆட்டத்தைத் தணிக்கிறது. குதிக்கிறவன் ஆட்டுகிறான்; உட்கார்ந்திருப்பவன், தனக்கே தெரியாமல், அந்த ஆட்டத்தைத் தன் உடம்பில் வாங்கி அடக்குகிறான்.

நண்பனுக்கு உடனே டெலிபோன் செய்தேன். "அப்படியானால் என் அப்பா அன்றைக்கு அந்தக் கேலரியைக் காப்பாற்றினார் என்று சொல்லலாமா?"

அவன் சிரித்தான். "கதை எழுதாதே. ஒருத்தர் உட்கார்ந்து ஒன்றும் ஆகாது. நிறையப் பேர் உட்கார்ந்தால் ஆகும். உங்கள் கேலரியில் கொஞ்சம் அடங்கியிருந்தால், அது கயிற்றுக் கட்டினால். கயிறு கம்போடு உரசி உரசி ஆட்டத்தைத் தின்னும். உன் அப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை."

விஞ்ஞானத்தோடு வழக்காடி ஜயிக்க முடியாது. ஆனாலும் அந்த வார முடிவில் ஊருக்குப் போனேன்.

அப்பாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. வாசல் திண்ணையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். காது கொஞ்சம் மந்தம். ஞாபகம் மந்தம் இல்லை.

"அப்பா, நான் சின்னப் பையனா இருந்தப்ப கபடி பார்க்கப் போனோமே, கேலரி சாஞ்சுதே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? நீ ஐஸ் வாங்கித் தரலைன்னு வழியெல்லாம் அழுதே."

ஐஸுக்காக நான் அழவில்லை. எதற்காக அழுதேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டாம். விட்டுவிட்டேன். டிவிக்கன்ஹாமை எடுத்துச் சொன்னேன். ஊஞ்சல், மூட்டை, மெத்தை எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார். உட்கார்ந்திருப்பவர்களால்தான் மேடை அடங்குகிறது என்று முடித்தேன். அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் எனக்கு என்னடா தெரியும்? எனக்குப் பயமா இருந்துது. உட்கார்ந்துட்டேன்."

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அதில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. "பசித்தது, சாப்பிட்டேன்" என்று சொல்வது போல் சொன்னார்.

"அன்னிக்கு நான் கேட்டேனேப்பா. அப்பவே சொல்லியிருக்கலாமே?"

அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். "பத்து வயசுப் பிள்ளைகிட்டயா? அப்பனுக்கே பயம்னு தெரிஞ்சா நீ என்ன ஆவே? அந்தப் பையன் மாதிரி மேலேருந்து குதிச்சிருப்பே."

நான் பேசாமல் இருந்தேன். எனக்கு அந்தப் பையனின் கை முறிந்தது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அவன் ஏன் குதித்தான் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என் தோளைச் சுற்றியிருந்த கை எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அது என்னை அடக்கி வைத்த கை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பையும் சேர்த்து அவர் தன் உடம்பில் வாங்கி அடக்கிக்கொண்டிருக்கிறார். நண்பனின் கணக்கில் இது வராது.

"மன்னிச்சுக்குங்கப்பா" என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிடையாது. கடைத்தெருவுக்குப் போய் இரண்டு குச்சி ஐஸ் வாங்கி வந்தேன். "இந்த வயசில எனக்கு எதுக்குடா?" என்று சொல்லிக்கொண்டே முழுக்கச் சாப்பிட்டார்.

திரும்பி வந்ததும் மகளைக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு ஸ்டேடியத்தில முழங்கால் வலின்னு சொன்னேனில்ல, அது பொய். பயமாத்தான் இருந்தது."

அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்பா. கடைசி வரைக்கும் என் இன்னொரு கையை விடவே இல்லையே நீங்க" என்றாள்.